முறைப்பாடே வராத ஸ்கோப்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் ஒரு வசனத்தை உங்கள் வாயிலிருந்து பிடுங்கி எறியப் போகிறேன். "வேறு ஒருவரும் முறையிடவில்லையே." பழுதான சாமானோடு ஒருவர் உங்கள் முன்னால் வந்து நிற்கும்போது இதைச் சொல்வது மிகவும் சுலபம். அது அவரைத் தனி ஆளாக்கிவிடும். பிழை தன்னில்தானோ என்று அவரையே யோசிக்க வைக்கும். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் இந்த வயதிலும் அந்த வசனம் காதில் விழுந்தால் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. போன மாதம் நான் உங்கள் கடைப்பக்கம் வந்தபோது உங்களில் ஒருவர், பெயர் சொல்லவில்லை, ஒரு மனிதரிடம் அதைச் சொல்லித் திருப்பி அனுப்பினார். என் காதால் கேட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், மறைக்கவில்லை.

தொண்ணூறுகளில் நான் சுவிஸ் நாட்டில் வில் என்ற நகரத்தில், வேட்டைக்காரருக்கான சாமான்கள் விற்கும் ஒரு கடையில் இருந்தேன். துவக்கின், அதாவது துப்பாக்கியின், மேல் பூட்டும் தொலைநோக்கி, நாங்கள் ஸ்கோப் என்று சொல்வது, அதுதான் என் பகுதி. வந்திறங்குவதைச் சோதிப்பது, பழுதானதைத் திருத்த அனுப்புவது, வாங்க வருகிறவருக்கு எது பொருந்தும் என்று சொல்வது. அதற்கு முன் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு இந்தக் கடையின் களஞ்சியத்தில் பெட்டி தூக்கினேன். பிறகு கண்ணாடி துடைக்க விட்டார்கள், அப்படியே ஒட்டிக்கொண்டேன். ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்று கதைக்கும்போது எங்கள் சனம் விடாது. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்து துவக்குக் கடையிலயோ வேலை பார்க்கிறாய்?" என்று பகிடி பண்ணுவார்கள். நான் விற்பது கண்ணாடி, துவக்கு அல்ல என்று விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் இன்னொரு கூத்தும் நடந்தது. சில நாட்டுக்காரர் இந்த நாட்டில் துவக்கு வாங்கவோ கொண்டு திரியவோ கூடாது என்று சட்டம் வந்தது. அந்த நாடுகளில் எங்கள் நாடும் ஒன்று. சட்டம் எழுத்தில் என்ன சொன்னதோ, எங்கள் செஃப் அதற்கு மேலே தானும் ஒரு வேலி போட்டார். செஃப் என்றால் இங்கே மேலாளர். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் சமையல்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். இனிமேல் நான் துவக்கைத் தொடக்கூடாது, ஸ்கோப்பை மட்டும் தொடலாம் என்றார். வேறொருவர் துவக்கிலிருந்து கழற்றி என் மேசையில் வைக்க வேண்டும். நான் பார்த்து முடித்ததும் வேறொருவர் கொண்டுபோய்ப் பூட்ட வேண்டும். துவக்கே வேண்டாம் என்று கடல் கடந்து வந்தவனைப் பார்த்துத் துவக்கைத் தொடாதே என்கிறார்கள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வீட்டில் வந்து கத்தினேன். மனைவி சிரித்தாள்.

"துவக்கு உங்களுக்கு என்னத்துக்கு? உங்கட வாயே காணும்," என்றாள்.

கீழே வரும் ஆட்களில் என் மனைவியைத் தவிர மற்றவர்கள் கதைத்தது சுவிஸ் ஜெர்மன். என் வாய்க்குள்ளால் வருகிறபடியால் அது எங்கள் தமிழாக வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கோப்பைப் பற்றி நீங்கள் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். எத்தனை மடங்கு பெரிதாக்கும், மாலை வெளிச்சத்தில் எவ்வளவு தெளிவு, இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். வேட்டைக்காரரைப் பற்றித்தான் உங்களுக்கு ஒருவரும் படிப்பித்திருக்க மாட்டார்கள். சுடும்போது துவக்கு பின்னால் உதைக்கும். கண்ணை ஸ்கோப்புக்கு மிகக் கிட்ட வைத்திருந்தால் அதன் விளிம்பு வந்து புருவத்தைப் பிளந்துவிடும், பிறை போல ஒரு வெட்டு. வேட்டைக் காலமான செப்டெம்பரில் கடைக்கு வருகிற ஆண்களின் புருவத்தைப் பாருங்கள், பிளாஸ்ரர் ஒட்டியிருப்பார்கள். என்ன நடந்தது என்று கேட்டால் மரக்கொப்பு அடித்தது என்பார்கள். எல்லோருக்கும் ஒரே புருவத்தில், ஒரே அளவில், பிறை வடிவில் அடிக்கிற மரக்கொப்பு. கண்ணைத் தள்ளி வைக்கக்கூடிய ஸ்கோப்பை நான் எடுத்துக் காட்டுவேன். கொப்பைத் திட்டிக்கொண்டே வாங்கிக்கொண்டு போவார்கள். அப்போது எனக்கு அது வெறும் பகிடியாக இருந்தது.

சட்டம் வந்த அந்த வருடம், பனி கரைகிற நேரம், செஃப் புதிய ஸ்கோப் ஒன்றைக் கொண்டுவந்தார். எங்கிருந்தோ மொத்தமாக இறக்கிக் கடையின் பெயரைப் பொறித்தது. பாரம் குறைவு, பார்க்க வடிவு, மற்றவற்றின் அரை விலை. என் மேசையில் வைத்துப் பார்த்தேன். நடுவில் தெரியும் குறுக்குக் கோடு நல்ல கூர்மை. திருகைத் திருப்பினால் சொன்ன இடத்துக்குப் போனது, திரும்பி வந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் அமிழ்த்தினேன், ஒரு குமிழிகூட வரவில்லை. ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. ஒன்றை மட்டும் கேட்டேன்.

"செஃப், இதைக் கிரௌபுண்டன்காரருக்கும் விக்கப் போறியளோ?"

"ஏன், அவை மனிசர் இல்லையோ?"

கிரௌபுண்டன் ஒரு மலை மாநிலம், இங்கே கன்டோன் என்போம். அங்கே மான் வேட்டைக்குப் பத்து மில்லிமீற்றருக்கு மேலே தடித்த குண்டுதான் சட்டம். மலையில் சுமந்து ஏற வேண்டும் என்பதால் துவக்கோ மெல்லியது. மெல்லிய துவக்கில் தடித்த குண்டு என்றால் உதை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த உதையைத் தோள் மட்டும் வாங்குவதில்லை, மேலே இருக்கும் ஸ்கோப்பும் வாங்குகிறது. உள்ளே ஒரு சிறிய குழாய் இருக்கிறது, ஒவ்வோர் உதைக்கும் அது அதே இடத்திலேயே நிற்க வேண்டும். என் மேசையில் உதை கிடையாது. ஆகவே அப்படிப்பட்ட ஒரு துவக்கில் பூட்டி நிறையச் சுட்டுப் பார்க்காமல் விற்கக்கூடாது என்றேன்.

"செய்தவங்கள் உதெல்லாம் பார்த்திருப்பாங்கள். உன்ர மேசையில குறை தெரிஞ்சதோ, இல்லையோ?"

"மேசையில இல்லை."

"அப்ப காணும்."

செஃப் கெட்ட மனிதர் அல்ல. என் பிள்ளைகளின் பெயர் தெரிந்து வைத்திருந்தார், நத்தார்ப் பண்டிகைக்கு அவர்களுக்குச் சொக்லேற் வாங்கித் தருவார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. அந்த மலைப்பக்கத்தில் கூர் என்ற நகரத்தில் நடந்த வேட்டைச் சந்தைக்கு அந்த ஸ்கோப்பை எடுத்துப் போனார். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து வந்த வேட்டைக் குழுவுக்கு, மலைமேலே ஒரே குடிசையில் தங்கி வேட்டையாடுகிறவர்களுக்கு, சேர்த்து வாங்கினால் விலை குறைவு என்று சொல்லி விற்றுவிட்டு வந்தார். வாயெல்லாம் பல்லாக வந்தார்.

செப்டெம்பர் நடுவில் ஒரு பெண் கடைக்குள் வந்தார். பெயர் ரெகுலா. நாற்பது வயதுக்குக் கிட்ட. அந்தப் பள்ளத்தாக்கில் மஞ்சள் போஸ்ட் பஸ் ஓட்டுகிறவர். அந்தக் குழுவிலே ஒரே பெண், வேட்டை அனுமதி எடுத்து அதுதான் முதல் பருவம். துவக்கைத் தோல் உறையில் போட்டுத் தோளில் மாட்டியிருந்தார். ஸ்கோப்பைக் கழற்றி ஒரு கம்பளிக் காலுறைக்குள் சுற்றி வைத்திருந்தார். அதை என் மேசையில் வைத்துவிட்டு அவர் சொன்ன முதல் வசனம் இது.

"நான் ஒரு மானைக் காயப்படுத்திப் போட்டன்."

ஸ்கோப்பைக் குறை சொல்லவில்லை, பாருங்கள். நான் என்றுதான் தொடங்கினார். கல்லின் மேல் துவக்கைச் சாய்த்து வைத்து, கிட்டத்தில் நின்ற மானை, அவசரம் இல்லாமல் சுட்டிருக்கிறார். மான் விழவில்லை, ஓடிவிட்டது. போய்ப் பார்த்தால் புல்லில் இரத்தம். காயப்பட்ட மிருகத்தை அப்படியே விடக்கூடாது, வேட்டைக் காவலருக்கு அறிவிக்க வேண்டும், தடம் பிடிக்கிற நாயைக் கூப்பிட வேண்டும். அதுதான் ஒழுங்கு. ரெகுலா உடனே அறிவித்தார். நாய் வந்தது, அதற்குள் இருட்டிவிட்டது. மறுநாள் காலையில்தான் கண்டுபிடித்தார்கள். முன்கால் உடைந்து, புதர்ப் பற்றைக்குள் படுத்திருந்தது. உயிரோடு இருந்தது. இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை, வேறு பக்கம் பார்க்கவும் இல்லை.

நான் ஸ்கோப்பைச் சோதித்தேன். மேசையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. செஃப் வந்தார், கேட்டார், நான் இருந்ததைச் சொன்னேன். அவர் ரெகுலாவின் பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஆறுதலாகச் சொன்னார்.

"ஸ்கோப்பில ஒண்டும் இல்லை. உந்தக் குண்டு பெரிய குண்டு. விசையை இழுக்க முதல் உடம்பு பயந்து சுழிக்கும், அப்ப துவக்குக் குழல் சரியும். பொம்பிளைத் தோளுக்கு அது கஷ்டம்தான். வேறை ஒருத்தரும் முறையிடேல்லை."

ரெகுலா தலையை ஆட்டினார். "ஓம். குடிசையிலயும் அப்பிடித்தான் சொல்லிச் சிரிக்கினம்."

"காஸ்பர் எனக்கு ரெலிபோன் எடுத்தவர்," என்றார் செஃப். காஸ்பர்தான் அந்தக் குழுவின் தலைவர். "உங்கட மானின்ர கதையைச் சொல்லி, இந்த ஸ்கோப்பில ஏதும் பிழை இருக்கோ எண்டு கேட்டவர். இப்ப சொன்னதைத்தான் அவருக்கும் சொன்னனான்."

துவக்கையும் பார்க்காமல், ஆளையும் பார்க்காமல், ரெலிபோனில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் எங்கள் கடைக்கு வந்து சேர முதலே எங்கள் கடையின் தீர்ப்பு மலைக்குப் போய்ச் சேர்ந்து, குடிசையில் அவரைப் பகிடி பண்ணிக்கொண்டிருக்கிறது. அதைவிடக் கொடுமை, அவர் அதை நம்பிவிட்டார்.

"நான் காசு கேட்டு வரேல்லை," என்றார் ரெகுலா. "துவக்கை விக்கப் போறன். எடுப்பியளோ எண்டு கேக்கத்தான் வந்தனான். இன்னொரு மானுக்கு என்னால அப்பிடி நடக்கக் கூடாது."

செஃப் எடுப்போம் என்று சொல்ல வாய் திறந்தார். நான் இடையில் விழுந்தேன். "விக்க முதல் ஒருக்கா சுட்டுப் பார்ப்பம்," என்றேன்.

பிள்ளைகளே, இதை நன்றாகக் கேளுங்கள். அந்த நேரம் எனக்கு விடை தெரியாது. தோளாகவும் இருக்கலாம், ஸ்கோப்பாகவும் இருக்கலாம். பெரிய குண்டுக்குப் பயந்து சுழிக்கிற ஆண்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். தெரியாததைத் தெரிந்ததாக ஒருவரின் முகத்துக்கு நேரே சொல்லக்கூடாது. அதற்குமேல் அன்றைக்கு எனக்கு ஒரு ஞானமும் இருக்கவில்லை.

அடுத்தநாள் ஊருக்கு வெளியே இருக்கும் சூட்டுத் திடலுக்குப் போனோம். செஃப்பும் வந்தார். என்னைக் கண்காணிக்கத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். நான் இரண்டு கையையும் ஜாக்கெற் பொக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு, அவர் கண்ணில் படுகிற மாதிரியே நின்றேன். துவக்கைத் தொடுகிற வேலையெல்லாம் திடல் பொறுப்பாளருக்கு. மீசை வைத்த, அதிகம் கதைக்காத மனிதர்.

முதலில் தோளைப் பார்ப்போம் என்றேன். அதற்கு ஒரு வழி இருக்கிறது. உண்மைக் குண்டுகளுக்கு நடுவே வெடிமருந்தில்லாத பொய்க் குண்டையும் கலந்து போடுவது. எது எப்போது வருகிறது என்று சுடுகிறவருக்குத் தெரியாது. பயந்த உடம்பு என்றால், பொய்க் குண்டு வரும்போது வெடி இல்லாமலே குழல் துள்ளும். பயம் வெளிச்சமாகிவிடும். ரெகுலாவிடம் சொல்லித்தான் செய்தோம்.

"எனக்குச் சொல்லாமல் போடுங்கோ," என்றார். "நான் அங்காலை பார்க்கிறன்."

பொறுப்பாளர் போட்டார், பூட்டினார், கையில் கொடுத்தார். சில தடவை இடி இடித்தது. சில தடவை 'டிக்' என்ற சத்தம் மட்டும். அந்த 'டிக்' வந்தபோதெல்லாம் நான் குழலின் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அசையவில்லை. திரும்பத் திரும்ப மாற்றிப் போட்டும் அசையவில்லை.

"இந்தத் தோள்ல ஒரு பயமும் இல்லை," என்றார் பொறுப்பாளர். அன்று காலை முழுக்க அவர் கதைத்தது அவ்வளவுதான்.

பிறகு எல்லாம் உண்மைக் குண்டு. அந்தப் புதிய ஸ்கோப்போடு ரெகுலா சுடச் சுட, முக்காலியில் நின்ற தொலைநோக்கியால் நான் இலக்குத் தாளைப் பார்த்தேன். முதலில் எல்லாம் கிட்டக் கிட்ட விழுந்தன. பிறகு ஒன்று வலது பக்கம் விலகியது. அடுத்தது கீழே போனது. அதற்கடுத்தது ஒரு சாண் தள்ளி விழுந்தது. ஸ்கோப்புக்குள்ளே நன்றாக இருந்த அந்தச் சிறிய குழாய் எங்கேயோ இளகி, நினைத்த நேரம் நினைத்த இடத்தில் நின்றிருக்கிறது. கடையிலிருந்து நான் கொண்டுபோன பழைய ஸ்கோப்பைப் பிறகு பூட்டச் சொன்னேன். நாலு மடங்குதான் பெரிதாக்கும், பாரம், கீறல் விழுந்தது, வடிவே இல்லாதது. அதே ஆள், அதே துவக்கு, அதே குண்டு. எல்லாத் துளையையும் ஒரு கோப்பிக் கோப்பையால் மூடலாம் போல் இருந்தது.

ரெகுலா தாளைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

"இந்த ஒண்டு மட்டும் பழுது," என்றார் செஃப். "நடக்கிறதுதான். புதுசு மாத்தித் தாறம். வேறை ஒருத்தரும் முறையிடேல்லை."

திரும்பவும் அதே கோதாரி விழுந்த வசனம். கண் முன்னால் பார்த்த பிறகும்.

"காஸ்பருக்கு ரெலிபோன் எடுத்து இதைச் சொல்லுவியளோ?" என்று கேட்டார் ரெகுலா. "எனக்குப் புது ஸ்கோப் வேண்டாம். அவையளுக்கு இதைச் சொன்னால் காணும்."

"அது தேவையில்லை. ஒரு பழுதைச் சொல்லி முழுச் சாமானின்ர பேரையும் கெடுக்க ஏலாது."

நான் கையைப் பொக்கெற்றிலிருந்து எடுத்துவிட்டேன். "பிழையாச் சொல்ல அந்த ரெலிபோன் வேலை செய்தது, செஃப். திருத்திச் சொல்ல வேலை செய்யாதோ?"

"நீ உன்ர வேலையைப் பார்," என்றார். ரெகுலா துவக்கை உறைக்குள் போட்டார். விற்பதா இல்லையா என்று இன்னும் முடிவு சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை நானே மலைக்குப் போய்ச் சொல்லப் போகிறேன் என்று. அவளுக்கு முகம் மாறிவிட்டது.

"அந்த மனுசனோட கொழுவாதையுங்கோ. வேலை போனால் பெர்மிட்டுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

நியாயமான பயம்தான். அந்தக் காலத்தில் எங்களுக்கு வேலையும், இங்கே வசிக்கும் அனுமதியான பெர்மிட்டும் ஒன்றோடொன்று கட்டியிருந்தது. பிறகு அவளே கேட்டாள்.

"அந்தப் பொம்பிளை என்ன வேலை?"

"பஸ் ஓடுறவ. அந்த மலை வளைவுகளில."

"பஸ் ஓடுறவவுக்குத் தோள் பலமில்லை எண்டு எந்த விசரன் சொன்னவன்? போயிட்டு வாங்கோ. பூசைக்குப் பிள்ளையளை நான் கூட்டிக்கொண்டு போறன்."

ரயில் மாறி மாறிக் கூர் போய், பிறகு ரெகுலா ஓட்டிய பஸ்ஸிலேயே மேலே போனேன். கடைசித் தரிப்பிடத்தில் ஒரு விடுதி. அன்று வேட்டை இல்லாத நாள், குழுவினர் குடிசையிலிருந்து இறங்கி வந்து அங்கே பியர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ரெகுலா பஸ்ஸைப் பூட்டிவிட்டு என்னோடு உள்ளே வந்தார்.

"இவர் வில் நகரக் கடையில ஸ்கோப் பார்க்கிறவர். ஒண்டு சொல்ல வேணுமாம்," என்று சொல்லிவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றார். உட்காரவில்லை.

காஸ்பர் மாடு வளர்க்கிறவர், பெரிய உடம்பு, பெரிய கை. புருவத்தில் பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது. "செஃப் அனுப்பினவரோ?" என்று கேட்டார்.

"இல்லை. அவருக்குத் தெரியாது."

திடலிலிருந்து என்னிடமே இருந்த ரெகுலாவின் ஸ்கோப்பை மேசையில் வைத்தேன். திடலில் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். பொய்க் குண்டையும் சொன்னேன், குழல் அசையாததையும் சொன்னேன். ஒரு மெலிந்த மனிதர் இடையில் மறித்தார்.

"நீ எப்பவாவது துவக்குச் சுட்டிருக்கிறியோ?"

"உங்கட சட்டம் என்னைத் தொட விடாது. அவ சுட, நான் கையைப் பொக்கெற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு நிண்டு பார்த்தனான். பார்க்கிறதுக்குச் சட்டத்தில தடை இல்லை."

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் காஸ்பரின் புருவத்தைப் பார்த்தேன். "கொப்பு அடிச்சதோ?" என்று கேட்டேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

"கொப்புத்தான்," என்றார். முகம் சிவந்துவிட்டது. கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி வெளியே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். வெளியே அவருடைய ஜீப்பின் கதவு திறந்து சாத்தும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு கைலேஞ்சித் துணிப் பொட்டலம். அதைப் பிரித்து, ரெகுலாவின் ஸ்கோப்புக்குப் பக்கத்தில் அதேபோன்ற இன்னொன்றை வைத்தார்.

"இந்தப் பருவம் நான் சுட்டது ரெண்டு. ரெண்டும் குறி தவறி விட்டுப்போச்சு," என்றார். "உங்கட செஃப்புக்கு நான் ரெலிபோன் எடுத்தது இவவுக்காக இல்லை. எனக்காக. இவவின்ர கதையைச் சாட்டாச் சொல்லி, இந்தச் சாமானில பிழையோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான். அவர் பொம்பிளைத் தோள் எண்டு சொல்லிப்போட்டார். அதுக்குப் பிறகு எனக்கும் அப்பிடித்தான் எண்டு நான் எந்த வாயால சொல்லுறது?"

சற்றுமுன் என்னை மறித்த அந்த மெலிந்த மனிதர், பியர்க் கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "என்ர ஸ்கோப்பும் அப்பிடித்தான்," என்றார். அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

ரெகுலா சுவரைவிட்டு வந்தார். "விட்டுப்போச்சு எண்டுறியள். விட்டுப்போனதோ, பட்டதோ? போய்ப் பார்த்தனீங்களோ?"

"நான் பார்த்தனான்," என்றார் காஸ்பர். "ரத்தம் இல்லை, மயிரும் இல்லை."

"நீ?"

மெலிந்தவர் கிளாஸைத் தள்ளி வைத்தார்.

"நாயைக் கூப்பிட்டனியோ?"

அவர் இல்லை என்று தலையை அசைத்தார்.

"நான் கூப்பிட்டன்," என்றார் ரெகுலா. "கூப்பிட்டபடியால்தானே உங்களுக்குத் தெரியவந்தது. அதுக்குத்தானே இவ்வளவு நாளும் என்னைப் பார்த்துச் சிரிச்சனியள்."

ஒழுங்காக அறிவித்த ஒரே ஆள் அவர். அதனால் அவமானப்பட்ட ஒரே ஆளும் அவர். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள், நல்ல வேட்டைக்காரர்களாக இருந்தார்கள். அந்த மெலிந்த மனிதருடைய மான் எந்தப் பற்றைக்குள் படுத்துக் கிடந்ததோ, எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. வெட்கம் என்பது ஆம்பிளைகளுக்கு இவ்வளவு பெரிய வருத்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் ஆட்களிலும் பார்த்திருக்கிறேன், என்னிலும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வெட்கத்தை வைத்துக்கொண்டு ஒரு கடை தன் சாமானை நல்ல சாமான் என்று விற்கலாம் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

பை நிறைய ஸ்கோப்போடு ரெகுலாவின் பஸ்ஸில் கீழே வந்தேன். மெலிந்தவரும் தன்னுடையதைக் கழற்றித் தந்திருந்தார். நான் இறங்கும்போது ரெகுலா கேட்டார்.

"அந்த வடிவில்லாதது, திடலில பூட்டினது, அது விலைக்கு வருமோ?"

"வரும். துவக்கு?"

"துவக்கு விக்கேல்லை," என்றார்.

திங்கட்கிழமை காலையில் எல்லாவற்றையும் செஃப்பின் மேசையில் வரிசையாக வைத்தேன். எங்கே போனேன், யாரிடம் வாங்கினேன், ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். வேலையை விட்டு நிற்பாட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு அவர் கேட்டது உண்மையிலேயே விளங்காமல் கேட்ட கேள்வி.

"இவையள் ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

"சொன்ன ஆளுக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள் எண்டு அவையள் பார்த்தவை, செஃப்."

மத்தியானம் செஃப் தானே போய்க் கண்ணாடி அலுமாரியிலிருந்து அந்த ஸ்கோப்பை எடுத்தார். பிறகு அதை வாங்கிய எல்லோருக்கும் ரெலிபோன் எடுக்கத் தொடங்கினார். என்னைப் பக்கத்தில் இருக்கச் சொன்னார். ஒவ்வொருவரிடமும் ஸ்கோப் எப்படி என்று கேட்டார். முதலில் நல்லது என்பார்கள். கொஞ்சம் பொறுத்து, "நீங்கள் கேக்கிறபடியால் சொல்லுறன்," என்று தொடங்குவார்கள். ஒருவர் அல்ல, பலர். அதுவரைக்கும் முறைப்பாடே வராத ஸ்கோப் அது.

பின்னேரம் எல்லா இலக்கமும் முடிந்தது, ஒன்றைத் தவிர. செஃப் எழும்பினார், கோப்பி குடிக்கப் போவதாகச் சொன்னார். நான் ரெலிபோனைக் கிட்ட இழுத்து ரெகுலாவின் இலக்கத்தை அழுத்தி, றிசீவரை அவர் பக்கம் நீட்டினேன். என்ன செய்கிறாய் என்பதுபோல் பார்த்தார்.

"துவக்கைத்தானே தொடக்கூடாது," என்றேன்.

அந்தப் பக்கம் மணி அடிப்பது எனக்கும் கேட்டது. ரெகுலா எடுத்து, "ஹலோ, ஆர் கதைக்கிறது?" என்று கேட்பதும் கேட்டது. செஃப் றிசீவரைப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டார். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. கனநேரம் கதைத்தார். அடுத்த செப்டெம்பரில் ரெகுலா அந்த வடிவில்லாத ஸ்கோப்போடு அதே குடிசைக்குத்தான் போனார்.

போன மாதம் நீங்கள் அந்த வசனத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பிய மனிதரின் ரெலிபோன் இலக்கம் கடையில் இருக்கும். இதை வாசித்து முடித்ததும் அவருக்கு எடுங்கள்.